துருப்பிடித்த அம்பாசிடர்: வெட்டுவதா, நிறுத்துவதா, விற்பதா?

பழைய காரின் துருவைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் பெரும்பாலும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். கதவின் கீழ் விளிம்பில் கொப்புளம், மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, டிக்கி மூடியில் செம்பழுப்புக் கறை. கண்ணில் படும் இவற்றை வைத்தே வண்டி "தேறும்" என்றோ "போய்விட்டது" என்றோ தீர்ப்பு வந்துவிடுகிறது. மட்கார்டில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தாலும் வண்டி பத்திரமாக ஓடும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், பாய்க்குக் கீழே, ஒரு விரல் நுழையும் ஓட்டை கூடாத இடத்தில் இருந்தால் அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்கக் கூடாது. துரு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி. மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பத்தில் இப்போது நடக்கும் வாக்குவாதமும் இதைப் பற்றித்தான். பெரியப்பாவின் அம்பாசிடர் மார்க் 3, 1976இல் பதிவானது, மேலூர்ப் பக்கத்தில் தோட்டத்து வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. பெரியப்பா மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார். எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்டை முழுக்கச் சுரண்டி, ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்ததைப்போல ஆக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. பெரியம்மாவுக்குக் கொட்டகையில் நெல் மூட்டை அடுக்க இடம் வேண்டும். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்கிறார். பெரியப்பா எதுவும் சொல்வதில்லை, சாவியை மட்டும் யாரிடமும் கொடுப்பதில்லை. நான் எந்தக் கட்சியிலும் சேராமல், வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரும்புக்குத் துருப்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் சாதாரண எஃகில் துரு வேகம் எடுக்கிறது. மதுரையின் கோடைப் பகல்கள் அதற்குக் கீழேதான் கிடக்கும். ஐப்பசியும் கார்த்திகையும்தான் வண்டியைத் தின்னும் மாதங்கள். உப்பு படிந்த தகட்டில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்த வண்டிக்கும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்த வண்டிக்கும் வயது ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றாக இருப்பதில்லை. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் போகலாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது.

ஆக, மதுரைச் சுற்றுவட்டார வண்டிக்கு இயற்கை அவ்வளவு பகை இல்லை. பகை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் வாராவாரம் கழுவுவது ஒன்று. புளியமரத்தடியில் நிறுத்துவது இன்னொன்று: புளிய இலை பொடிப்பொடியாக முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரத்தில் இறங்கி, தண்ணீர் வடியும் வழியை அடைத்து, மக்கி, ஆண்டு முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மாட்டுக் கொட்டகையை ஒட்டி நிறுத்தினால் கோமியத்தின் உப்பும் சேர்ந்துகொள்ளும். எலி புகுந்து இருக்கைக்கு அடியில் குடித்தனம் நடத்திய வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். எங்கள் வண்டிக்கு இவற்றில் மூன்று வாய்த்திருக்கின்றன.

இனி அடிப்பக்கம். அம்பாசிடர் கனமான வண்டி, லாரியைப் போன்ற சேஸிஸ் (தனி அடிச்சட்டகம்) உள்ள வண்டி என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. உண்மையில் அதற்குத் தனிச் சேஸிஸே கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வண்டியின் வடிவத்தை எடுத்து வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்தது அது. தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக ஒட்டி, அந்தப் பெட்டிகளே எடையைத் தாங்கும்படி அமைத்த கட்டுமானம். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் நீளப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. முன்சக்கரத்தைத் தாங்குவது டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. அதன் பின்முனை முன்தளத்துக்கு அடியில் ஒரு குறுக்குப் பகுதியில் மாட்டியிருக்கும். பின்சக்கரத்தின் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் தளத்தின் பின்பகுதியில் தொங்கும். இந்த மூன்று இடங்களில் தகடு உளுத்தால் வண்டியின் எலும்பு உளுத்ததாகப் பொருள். ஜாக்கி வைக்கும் இடம், கதவுக் கீல் பொருந்தும் தூணின் கால், சீட் பெல்ட் போல்ட்டு இறங்கும் இடம் ஆகியவை அடுத்த வரிசை. மட்கார்டு, பானெட், டிக்கி மூடி, கதவின் வெளித்தகடு எல்லாம் தோல். முன் மட்கார்டு போல்ட்டில் கழன்று வருகிற பண்டம். அதில் எத்தனை ஓட்டை இருந்தாலும் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

சோதிக்க ஒரு கனத்த ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் போதும். துருப்பிடித்த ஜாக்கி முனையில் ஜாக்கி வைத்து அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். பட்டறைக் குழியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று சொல்லும், உளுத்த தகடு மந்தமாகச் சொல்லும். மந்தமாகச் சொன்ன இடத்தில் முனையைத் திருப்பி அழுத்த வேண்டும். உள்ளே போனால் போனதுதான். வண்டிக்காரர் முகம் சுளிக்கிறாரே என்று பாதியில் நிறுத்தக் கூடாது. இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியின் ஒரு பக்கத்தை நடுவில், உறுதியான இடமாகப் பார்த்து, மெதுவாகத் தூக்கிக்கொண்டே அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். நன்றாக மூடிய கதவு தூக்கிய பிறகு சிக்கினால், கீழுள்ள நீளப் பெட்டி வளைகிறது என்று கொள்ளலாம்.

பெரியப்பா வண்டியில் ஓட்டுநர் பக்கத்து ரப்பர் பாயைத் தூக்கியபோது அடியில் தேங்காய் நார் விரிப்பு நமத்துப்போய் ஒட்டிக்கிடந்தது. அதை உரித்தால் தார்ப் பூச்சு. தாரைச் சுரண்டினால் ரிவெட் அடித்த ஒரு தகடு. அதன் விளிம்பைத் தூக்கினால் பித்தளை வெல்டிங்கில் ஒட்டிய இன்னொரு தகடு. பழைய எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து வெட்டியது, நீலப் பெயிண்டில் பாதி எழுத்துகள் இன்னும் தெரிந்தன. அதற்கும் அடியில், உத்தர்பாராவிலிருந்து வந்த தளம், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மூன்று காலத்து ஒட்டுவேலை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது, ஒவ்வொன்றும் கீழுள்ள ஈரத்தின்மேல் மூடி போட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த டிங்கர், "தம்பி, இதற்கு மேல் இன்னொரு தகடு போட்டுவிட்டால் பெரியவர் காலம்வரை தாங்கும்" என்றார். அவர் பெரியப்பாவுக்கு எத்தனை ஆண்டு கணக்கு வைத்திருந்தாரோ தெரியாது.

அவர் சொன்னதும் ஒரு வழிதான். ஊரில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கும் வழி அது: மேலே ஒரு தகடு, அதன்மேல் பட்டி என்ற நிரப்புப் பசை, அதன்மேல் பெயிண்ட். விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளை அடிப்பதைப்போல. பட்டி நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை உறிஞ்சும். துருவின்மேல் பூசினால் அது மூடியாக நிற்பதில்லை, ஈரப் பஞ்சாக நிற்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் அடியிலிருந்து தள்ளிக்கொண்டே வரும்; இரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளிக்கும். விற்பதற்காகப் பளபளப்பாக்கும் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். கதவடியில் அது ஒட்டாமல் நழுவினால் நீங்கள் பட்டிக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணனின் வழி அப்படி ஒதுக்கிவிடக் கூடியது அல்ல. முழுவதையும் கழற்றி வெறும் கூட்டுக்குக் கொண்டுவந்து, பெயிண்டை உரித்து, உளுத்ததெல்லாம் வெட்டிப் புதுத் தகடு வைத்து, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, மறுபடி கட்டுவது. சரியாகச் செய்தால் துருவுக்கு நெடுங்கால விடை அது ஒன்றுதான். ஒட்டுத் தகடுகளுக்கு இடையில், பெட்டிகளின் உள்மடிப்பில் ஒளிந்திருக்கும் துருவை வேறு எப்படியும் பார்க்க முடியாது.

ஆனால் அம்பாசிடருக்கு இதைச் செய்வதில் எனக்கு மூன்று தயக்கங்கள். முதலாவது, மேலே சொன்ன கட்டுமானம். கூடே எலும்பாக இருக்கும் வண்டியில் பெட்டிகளை ஒரே நேரத்தில் வெட்டினால் கூடு வளையும். கதவு வாசல்களுக்குக் குறுக்குக் கம்பி வெல்டு வைத்து இறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் போக வேண்டும், அவ்வப்போது கதவை மாட்டி மூடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுமை உள்ள பட்டறைகள் இருக்கின்றன; எல்லாப் பட்டறைகளும் அப்படி இல்லை. இரண்டாவது, கழற்றிய பொருள்கள். பீடிங், கிளிப், கைப்பிடி, உள் அலங்காரப் பட்டை, டாஷ்போர்டின் சின்னச் சின்னத் திருகுகள் ஐம்பது ஆண்டு இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கும். ஒருமுறை சாக்குப்பையில் போட்டுப் பட்டறை மூலையில் வைத்தால் பாதி திரும்ப வராது. பதிலுக்குக் கிடைக்கும் நகல் பொருள்கள் பெரும்பாலும் பொருந்தாது, பொருந்தினாலும் முகம் மாறிவிடும். மூன்றாவது, பணம். இந்த வேலைக்கு முன்கூட்டி மதிப்பீடு சொல்ல யாராலும் முடியாது. பெயிண்டை உரித்த பிறகுதான் கணக்கே தொடங்கும். அம்பாசிடர் அரிய வண்டியும் அல்ல. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மேயில் ஆலை நிற்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து தள்ளிய வண்டி. மார்க் 1 கையில் இருந்தால் பேச்சு வேறு. மார்க் 3க்கு முழுக் கூட்டு வேலை செய்தால் போட்ட பணம் விற்பனையில் திரும்புவது அரிது. திரும்ப வேண்டாம், பெரியப்பா வண்டி என்ற ஒரே காரணம் போதும் என்றால் அது நியாயமான காரணம்தான். அப்போது அதைச் சேமிப்பு என்று சொல்லாமல் செலவு என்றே சொல்ல வேண்டும், அவ்வளவே.

இதே முழு வேலை வேறொரு வண்டிக்குச் சிறந்த வழியாகிவிடுகிறது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்ப் பக்கம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இலிருந்து நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டிய வண்டி, இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோத்தி வரைந்தது. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் பகுதி பகுதியாக அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். உடலைத் தூக்கிவைத்துவிட்டால் சேஸிஸ் முழுக்கக் கண்முன்னால் கிடக்கும். துரு விரும்பித் தின்பது சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளையும் டிக்கிக்கு அடியில் நீளும் கைகளையும்தான். அவற்றைத் தனியே வெட்டிப் புதிதாகச் செய்து வைக்கலாம். நண்பர் ஒருவர் கடற்கரை ஊரிலிருந்து வாங்கிவந்த ஹெரால்டு வெளியே பார்க்கச் சுமாராகவும் அடியில் மிக மோசமாகவும் இருந்தது. அவருக்கு நான் தயங்காமல் முழுவதையும் பிரிக்கச் சொன்னேன். பிரிப்பதற்கென்றே கட்டிய வண்டி அது. ஹெரால்டில் நல்ல புத்தி எனப்படுவது அம்பாசிடரில் வீண் ஆசையாக இருக்கலாம்.

வெட்டாமல் துருவை நிற்க வைப்பது இன்னொரு வழி. பட்டறைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், இதில் அவர்களுக்குக் கூலி குறைவு. தகடு துளைபடாமல் மேலே மட்டும் துருவேறிய இடங்களுக்கு இதுவே போதும். கம்பித் தூரிகையால் உதிர்வதை எல்லாம் உதிர்த்து, கிரீஸ் போகத் துடைத்து, துரு மாற்றி என்று விற்கும் திரவத்தைப் பூச வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். முதலாவது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும், இரண்டாவது கறுத்த டானேட்டாக மாற்றும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டால் கறுப்பேறுவதும் இதே வேதியியல்தான். சாயக்காரர்கள் அதை எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். இந்தத் திரவத்துக்கு அடர்ந்த செதில் துருவுக்குள் ஊடுருவும் வலிமை இல்லை, ஆகவே சுரண்டாமல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும். பூசிக் காய்ந்த பிறகு எபாக்சி பிரைமரோ ஜிங்க் பிரைமரோ அடிக்க வேண்டும். வெறும் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் அது ஒரு மழைக்குத்தான்.

பெட்டிகளின் உட்புறத்துக்குப் பெயிண்ட் எட்டாது. அங்கே மெழுகுக் கலவையை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டும். நம் ஊரில் எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை அடியில் பூசுவது நெடுநாள் வழக்கம். ஒன்றும் பூசாததற்கு அது மேல்; ஆனால் அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களை உப்ப வைக்கும், செம்மண் புழுதியை அப்பிக்கொள்ளும். அதைவிட மோசம், துருவின்மேல் நேரடியாக அடிக்கும் தார் அண்டர்கோட்டிங். பார்க்க வண்டி அடி கறுகறுவென்று புதிதாக இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று அது உரியும்வரை தெரியாது. பெரியப்பா வண்டியில் உளுத்த தளத்துக்கு மேல் இருந்ததும் இந்தத் தார்தான்.

எலும்பில் உளுத்த இடங்களை மட்டும் வெட்டிச் சரிசெய்து, தோலை அப்படியே விடுவது மற்றொரு வழி. என் வாக்கு இதற்குத்தான். அம்பாசிடரில் ஓட்டுநர் பக்கத் தளம், அந்தப் பக்கத்து நீளப் பெட்டியின் பின்பாதி, ஒரு ஜாக்கி முனை, வலது பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தைச் சுற்றிய தகடு ஆகியவற்றை வெட்ட வேண்டும். டார்ஷன் பார் மாட்டும் பகுதி தட்டிப் பார்த்ததில் கணீரென்றுதான் சொன்னது. அது மந்தமாகச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை பெரியம்மா பக்கம் சாய்ந்திருக்கும். கதவிலும் மட்கார்டிலும் இருக்கும் ஓட்டைகள் இருக்கட்டும். அவற்றின் விளிம்பில் துருவை நிறுத்திவைத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பழைய வெள்ளைப் பெயிண்ட் ஐம்பது ஆண்டு வெயிலில் மங்கிய மங்கலை எந்தப் பெயிண்டராலும் திரும்பக் கொடுக்க முடியாது. அண்ணன் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்.

வெட்டும் வேலையைப் பேசும்போது சிலவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. பழைய தகடு முழுவதும் வெட்டப்பட வேண்டும். ஓரத்தில் பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை. வைக்கும் தகடு புது சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடாக இருக்க வேண்டும், நல்ல பகுதியில் அளந்து அதே தடிமனில். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர், எடை தாங்கும் இடத்தில் கடையில் கிடைத்த மெல்லிசைப் போட்டுவிட்டுப் பொருந்திவிட்டது என்று சொல்ல விடக் கூடாது. துத்தநாகம் பூசிய கூரைத் தகரத்தை வெட்டி வைப்பவர்களும் உண்டு. அதை வெல்டு வைக்கும்போது எழும் வெண்புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். எலும்புக்குப் பித்தளை வெல்டிங் வேண்டவே வேண்டாம். அதன் பிடி தளர்ச்சி, ஒட்டும்போது தூவும் ஃப்ளக்ஸ் பொடியைக் கழுவாமல் விட்டால் அதுவே துருவுக்கு விதை. கேஸ் வெல்டிங் வெளித்தகட்டை நெளிக்கும். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு சூழச் செய்யும் மின்) வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப்போவது நல்லது. தொடர்ந்து ஓட்டாமல் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்துச் சூட்டைப் பரப்ப வேண்டும்.

கேஸ் வெல்டிங்கையே பிழைப்பாகக் கொண்ட பழைய டிங்கர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நெளிந்த தகட்டைச் சுருக்க அவர்கள் கை அறியும் வித்தை வேறு யாருக்கும் வராது. உப்பிய இடத்தில் ஒரு புள்ளியைச் செக்கச்செவேலென்று சுட்டு, சுற்றிலும் சுத்தியால் ஒத்தி, ஈரத் துணியை வைத்துச் சுர்ரென்று அணைப்பார்கள். தகடு கண்ணெதிரே இழுத்துக்கொண்டு தட்டையாகும். தண்டவாளத் துண்டையும் மணல் மூட்டையையும் வைத்துக்கொண்டு சக்கர வளைவை அடித்து வடித்துவிடுவார்கள். தோலுக்கு அவர்கள்தான். எலும்புக்கு மட்டும் சிஓ2 கேட்கிறேன். கூலியைப் பகுதி பகுதியாகப் பேசி, வெட்டியதைப் பார்த்த பிறகு ஒரு பங்கு, தகடு வைத்து பிரைமர் அடிப்பதற்கு முன் பார்த்துவிட்டு ஒரு பங்கு என்று கொடுப்பது இருதரப்புக்கும் நல்லது. மொத்தமாகப் பேசினால் வண்டி பட்டறைக் கோடியில் நிற்கும், அவசர வேலைகள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

வேறு கூட்டை வாங்கி மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அம்பாசிடர் கூடுகள் மலிவாகக் கிடைப்பது உண்மை. ஆனால் சேஸிஸ் எண் குத்தியிருப்பது கூட்டில். அந்தத் துண்டை வெட்டி வேறு கூட்டில் ஒட்டுவது குற்றம், ஆர்டிஓ ஆய்வில் பிடிபட்டால் வண்டியே போகும். கூட்டை மாற்றியதும் அது பெரியப்பா வண்டியாகவும் இருக்காது. அதற்குப் பதிலாக நல்ல அம்பாசிடர் ஒன்றை வாங்கிவிடலாமே என்றால், உறவு ஒட்டு எதுவும் இல்லாதவருக்கு நான் சொல்வதும் அதுதான். உளுத்ததைச் சரிசெய்யும் பணத்தில் உளுக்காத வண்டி கிடைக்கும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் உள்நாட்டு வறண்ட ஊர் வண்டியாகப் பார்த்து வாங்கலாம். மும்பையிலிருந்து வரும் பிரீமியர் பத்மினி மலிவாக இருக்கும். 2023 அக்டோபரில் அங்கே கடைசி பத்மினி டாக்சி ஓய்ந்ததைப் படித்துவிட்டு ஆசைப்பட்டவர்கள் பலர். கடற்காற்றிலும் கொட்டும் மழையிலும் கிடந்த வண்டி அது என்பதை மறந்துவிடக் கூடாது.

எடைக்குப் போடுவது கடைசி வழி. போடுவதானால் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, ஆர்சியை ரத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத வண்டியின் பேரில் வரியும் வம்பும் வந்துகொண்டிருக்கும்.

சட்டம் இந்த முடிவில் நுழையும் இடம் இன்னொன்று உண்டு. 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள தனி எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். 1976இல் பதிவான எங்கள் வண்டிக்கு 2026இல் ஐம்பது நிறைகிறது. அண்ணன் இதில் மிகுந்த ஆர்வமாக இருக்கிறார். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பாவை உட்கார வைத்து அழகர்கோவில் போய்வர வேண்டும் என்பவருக்குச் சாதாரண ஆர்சிப் புதுப்பிப்பே போதும். பின்னாளில் 'விஏ' எண் வேண்டுமானாலும், கூட்டைக் குறைவாக வெட்டிய வண்டிக்குத்தான் கேள்வி குறைவாக வரும்.

ஆகவே எங்கள் வண்டிக்கு எலும்பு வேலை மட்டும், இந்த வரிசையில். பங்குனியில் தொடங்க வேண்டும். முதலில் பேட்டரியையும் பெட்ரோல் டேங்க்கையும் கழற்றி வெளியே வைக்க வேண்டும், அதற்கு முன் வெல்டிங் விளக்கு எரியக் கூடாது. ஒரு பக்கம் வெட்டி, வைத்து, கதவு மூடுகிறதா என்று பார்த்த பிறகு மறுபக்கம். வெறும் தகட்டை இரவு வெளியே விடாமல் அன்றன்றே பிரைமர். இணைப்புகளில் சீலர். ஆடிக் காற்றுப் புழுதியைக் கிளப்புவதற்குள் அடிப்பக்கப் பெயிண்ட் முடிந்திருக்க வேண்டும். மெழுகு பீய்ச்சுவதை ஐப்பசிக்கு முன் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் பெயிண்ட் காய்ந்த பிறகுதான். கதவடியிலும் பெட்டிகளிலும் தண்ணீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிட வேண்டும். மெழுகு அவற்றையே அடைத்துவிடுவதும் உண்டு. நார் விரிப்பைத் திரும்பப் போடப் போவதில்லை, ரப்பர் பாய் மட்டும். முதல் கனமழைக்கு மறுநாள் அந்தப் பாயைத் தூக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். முன்கண்ணாடி ரப்பர்தான் ஒழுகுகிறது என்பது டிங்கரின் கணிப்பு, புளிய இலை அடைத்த துவாரம் என்பது என் கணிப்பு. இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ரப்பருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.